நடப்பவளும் சுடுபவளும்

அந்த விளையாட்டைப் பற்றி இணையத்தில் கருத்து எழுதியிருப்பவர்கள் எல்லோரும் அதன் இருட்டைப் புகழ்கிறார்கள். கைவிடப்பட்ட ஒரு மருத்துவமனை. அணைந்து அணைந்து எரியும் குழல்விளக்குகள். விளக்கு அணையும் நொடியில் மட்டும் நெருங்கி வரும் உருவங்கள். கையில் ஒரு துப்பாக்கி உண்டு, தோட்டாக்கள்தாம் போதாது. இவ்வளவு பயத்தை வேறெந்த விளையாட்டும் தந்ததில்லை என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்.

நானும் அக்காவும் ஆடிய விளையாட்டில் இருட்டே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் அக்காவுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி அது. நிழலை நிறுத்தி, மூடுபனியை நிறுத்தி, வெளிச்சத்தை முழுவதும் ஏற்றினால்தான் அதில் படம் நகரும். ஆகவே எங்கள் பேய்கள் பட்டப்பகலில், களத்தில் நெல் காயவைக்க நிற்பவர்களைப் போல, மறைவின்றி நின்றன.

ஆனாலும் பயந்தோம். காரணம், நாங்கள் ஆடிய முறை. அது ஒருவர் தனியே ஆட வேண்டிய விளையாட்டு என்று எங்களுக்குத் தெரியாது. அக்காவின் தோழி பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். எப்படி ஆடுவது என்று சொல்லவில்லை. நடப்பது, சுடுவது என்று அதில் இரண்டு வேலைகள் இருந்தன. நாங்களும் இரண்டு பேர் இருந்தோம். அக்கா வலப்புறம் அமர்ந்து மௌஸைப் பிடிப்பாள். பார்ப்பதும் குறிவைப்பதும் சுடுவதும் அவள். நான் இடப்புறம் அமர்ந்து, நான்கு விசைகளால், துப்பாக்கி ஏந்திய அந்த மனிதனை நடத்துவேன். இயர்போன் ஒன்றே ஒன்று. இடது குமிழ் என் காதில், வலது குமிழ் அவள் காதில். இடப்பக்கம் வரும் காலடி எனக்கு மட்டும் கேட்கும். வலப்பக்கம் வருவது அவளுக்கு மட்டும்.

"வருதுக்கா, என் பக்கம்."

"எவ்ளோ தூரம்?"

"கிட்ட."

"கிட்டன்னா? வாசலா, கொல்லையா?"

"கொல்லை."

"அப்ப நில்லு. நகராத."

வாசல் என்றால் மிக அருகில், கொல்லை என்றால் சற்றுத் தள்ளி; அது எங்கள் வீட்டு அளவு. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைத் துல்லியமாக அமைத்திருக்கிறார்கள் என்று பலர் பாராட்டியிருக்கிறார்கள். அவர்கள் இரண்டு காதாலும் கேட்டவர்கள். நாங்கள் ஒருத்தி சொல்ல மற்றவள் நம்பினோம்.

கடைசி அத்தியாயத்தின் கதவுக்கு முன்னால் அக்காவின் கல்யாணம் வந்துவிட்டது. கதவை ஒட்டி, ஆட்டத்தை நிறுத்திய இடத்தைப் பதிந்துவைக்கும் ஒரு சேமிப்பு அறை. அதில் சேமித்துவிட்டு, "அடுத்த தடவ வரும்போது முடிச்சிக்கலாம்டி" என்றாள். வேதாரண்யம் ஒன்றும் கடல் கடந்த ஊரல்ல. குடவாசலை ஒட்டிய எங்கள் கிராமத்திலிருந்து பேருந்து மாறிப் போனால் அரைநாள். தலைதீபாவளிக்கு வந்தாள், பொங்கலுக்கு வந்தாள், ஒரு சித்திரையில் வந்தாள். ஒவ்வொரு முறையும் அத்தானோடு வந்தாள், விருந்தாளியைப் போல நாற்காலியில் அமர்ந்தாள், மறுநாள் கிளம்பினாள். மடிக்கணினி அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்தது. இரண்டு ஆண்டுகளில் அவளிடம் நான் கேட்க விரும்பியது அது ஒன்றுதான். கேட்கவில்லை. கல்யாணமானவளிடம் கேட்கத் தக்க விஷயமாக அது எனக்குப் படவில்லை.

தஞ்சாவூரில் விடுதியில் தங்கி முதுகலை இலக்கியம் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கருத்துகளை வாசிக்க ஆரம்பித்தேன். வகுப்பில் ஒரே செய்யுளுக்கு நான்கு உரைகளை ஒப்பிட்டுப் பார்த்த பழக்கம், இங்கும் கைகொடுத்தது. குறை சொன்னவர்கள் பெரும்பாலும் மூன்று குறைகளையே சொன்னார்கள்: சேமிப்பு அறைகள் தொலைவில் உள்ளன, அந்த மனிதன் மிக மெதுவாக நடக்கிறான், வந்த வழியிலேயே திரும்பத் திரும்ப நடக்க வைக்கிறார்கள். இரண்டாவது குறையை நான் சற்றுத் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொண்டேன். முடிவைப் பற்றி எழுதியவர்கள் அந்த வரிகளைக் கறுப்புப் பட்டையால் மறைத்திருந்தார்கள். விரலால் தொட்டால் பட்டை விலகும். நான் ஒருமுறையும் தொட்டதில்லை.

சென்ற ஆண்டு அக்காவுக்கு வளைகாப்பு நடந்தது. இரு கைகளிலும் முழங்கைக்குச் சற்றுக் கீழ்வரை கண்ணாடி வளையல்களோடு, பிரசவத்துக்காக அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். விடுமுறையில் நானும் வந்திருந்தேன். முதல் நாளே அவள்தான் கேட்டாள்.

"அந்த லேப்டாப் இருக்கா, இல்ல எடைக்குப் போட்டுட்டீங்களா?"

நான் எழுந்து அலமாரிக்குப் போவதற்குள் அம்மா மறித்தாள். "புள்ளத்தாச்சி அந்தக் கோரத்தயெல்லாம் பாக்கக் கூடாது. பொறக்கறது பாதி மூஞ்சியோட பொறக்கணுமா?"

"வேலிப்பக்கம் பல்லு தேச்சிக்கிட்டு நிக்கற உன் தம்பிய மட்டும் தெனம் பாக்கலாமாம்மா?"

"வாய் மட்டும் கொறையல. பாக்கக் கூடாதுன்னா கூடாது."

ஆகவே கருத்துகளை வாசித்தேன். மாலைகளில் அவள் கால்களை நீட்டி அமர்ந்திருக்க, கைபேசியில் இருந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்வேன். பார்க்கக் கூடாது என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள். கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரிச் சமையக்கட்டுல வர்ற ரெண்டு பேரையும் கொல்லவே முடியாதுன்னு ஒருத்தர் எழுதியிருக்கார்க்கா."

"அவருக்குச் சுடத் தெரியல. நாலே தோட்டா. மேல?"

"நடை ரொம்ப மெதுவாம்."

"அது உண்மைதான். நீ ஆமை."

அந்தக் கறுப்புப் பட்டைகளைப் பற்றியும் சொன்னேன். அவள் கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "தொட்டுடாத" என்றாள்.

அம்மா ஒரு கிரகப்பிரவேசத்துக்காகக் கும்பகோணம் போன அன்று, அப்பாவும் நடவு ஆட்களோடு வயலில் இருந்தார். அம்மாவின் பேருந்து கிளம்பியிருக்கும் என்று தெரிந்ததும் அக்கா என்னைப் பார்த்தாள். மடிக்கணினியை எடுத்தேன். அதன் பேட்டரி செத்துப்போய் வெகுநாளாகியிருந்தது. மின்சாரம் நின்றால் எல்லாம் நிற்கும். நெல் காயவைக்கும் படுதாவை ஜன்னலில் கட்டினேன். அக்கா வலப்புறம் அமர்ந்தாள். வயிறு இடித்ததால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கையை நீட்டி மௌஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் குறிவைக்கும்போதெல்லாம் வளையல்கள் மேசையில் உரசின.

சேமித்த இடத்தில் அந்த மனிதன் இரண்டு ஆண்டுகளாகக் கதவைப் பார்த்தபடி நின்றிருந்தான். நான் அவனைத் திருப்பி, வந்த வழியே நடத்தினேன்.

"எங்கடி போற?"

"தோட்டா கொறைச்சலா இருக்குக்கா. பழைய வார்டுல தேடலாம்."

பழைய வார்டில் எதுவும் இல்லை. அதை நான் அறிவேன். அங்கிருந்து சமையற்கட்டு, அங்கிருந்து மாடிப்படி. எல்லோரும் குறை சொன்ன அந்த வழியில், அவர்கள் குறை சொன்ன அந்த வேகத்தில், அவனை நடத்திக்கொண்டே இருந்தேன். என் இடக்காதில் காலடி எதுவும் இல்லை. வலக்காதில் அக்காவின் மூச்சு கேட்டது.

இரண்டாம் முறை மாடிப்படி வந்தபோது அவள் மௌஸிலிருந்து கையை எடுத்தாள்.

"நாலு மணி பஸ்ல அம்மா வந்துடும்டி."

"தெரியும்."

"கதவத் தொறக்க மாட்டியா?"

நான் அவனைப் படியிலேயே நிறுத்தினேன். அவள் சிறிது நேரம் திரையையே பார்த்திருந்தாள். பிறகு, "நீ நடந்தாத்தான் நான் சுட முடியும். வேற யார்கிட்ட நான் கேக்கறது?" என்றாள். அதில் கோபம் இல்லை. மீண்டும் மௌஸைப் பிடித்தாள்.

கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு நீண்ட கூடம். "என் பக்கம்" என்றேன். "என் பக்கமும்தான்" என்றாள். பின்வாங்கினேன், நின்றேன், அவள் சுட்டாள். மீண்டும் அரை மணி நேரம் நாங்கள் ஒரே ஆளாக இருந்தோம். கடைசித் தோட்டா தீர்ந்தபோது கூடத்தில் யாரும் மிச்சமில்லை. வெளியே ஒரு சாலை தெரிந்தது. அந்த மனிதன் அதில் நடந்தான். நான் விசையிலிருந்து விரலை எடுத்தேன். அப்போதும் அவன் நடந்தான்.

"அவ்ளோதானா?" என்றாள் அக்கா.

"அவ்ளோதான்க்கா."

பெண் குழந்தை பிறந்தது, முழு முகத்தோடு. ஐந்தாம் மாதம் அத்தான் வந்து அழைத்துப் போனார். அந்த வாரம் விடுதியில் அமர்ந்து நானும் அந்த இணையதளத்தில், பெயர் போடாமல், ஒரு கருத்து எழுதினேன். நடையின் வேகம் சரியானது என்றும், வந்த வழியே திரும்புவது குறையல்ல என்றும், இதை இருவர் ஆட வேண்டும், ஆளுக்கு ஒரு காது போதும் என்றும், ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை வாசல், கொல்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றும் எழுதினேன். நட்சத்திரம் எத்தனை என்று அது கேட்டது. வெகுநேரம் யோசித்து, நான்கு கொடுத்தேன். முடிவுக்காக ஒன்றைக் குறைத்தேன்.

பத்து நாள் கழித்து அக்கா அழைத்தாள். பின்னால் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

"ஏன்டி, நீ எழுதினதுக்குக் கீழ ஒருத்தன் எழுதியிருக்கறதப் பாத்தியா? 'ஒரு கன்ட்ரோலர் வாங்குங்க, ஒரே ஆள் ஆடிடலாம்'ங்கறான்."

"நீ எப்படிக்கா அத..."

"நான் தெனமும்தான் பாக்கறேன். இவ தூங்கற நேரத்துல வேற என்ன வேல? கொல்லைன்னு ஒரு வார்த்த பாத்தேன், நீதான்னு தெரிஞ்சிடுச்சி."

"அவருக்கு என்ன பதில் எழுதறது?"

குழந்தையைத் தோள் மாற்றிப் போடும் ஓசை கேட்டது.

"விடு. அவன் ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டு ஆடறவன். அவனுக்குச் சொன்னாப் புரியாது."