நூறு வீதம் காட்டிய பெட்டி

எங்கள் வெள்ளவத்தை வீட்டு ஹோலின் மூலையில் நீளமான பிளக் பலகை ஒன்று கிடக்கிறது. மின்வெட்டுக் காலத்தில் வாங்கியது. மின்வெட்டு போய்விட்டது, பலகைக்கு மட்டும் ஓய்வில்லை. கரண்ட் இருக்கும்போதே எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிட வேண்டும் என்று அப்போது பிடித்த பயத்தை இந்த நகரம் இன்னும் விடவில்லை. எமர்ஜென்சி விளக்கு, போன்கள், கையடக்க மின்விசிறி எல்லாம் இரவு பகலாக அதில் தொங்கும். கடற்காற்றில் பிளக்கின் பித்தளைக் கால்கள் பச்சை பூத்திருக்கும். அந்தப் பக்கம் பார்க்கவே எனக்குப் பிடிக்காது.

இந்தக் கூட்டத்தில் மைத்துனனின் பெட்டியும் ஒன்று. மனைவியின் தம்பி அவன். கொட்டாஞ்சேனையில் இருக்கிறான், புறக்கோட்டையில் இரும்புக்கடை. இரண்டு நண்பர்களோடு சேர்ந்து நான்கு பேர் இருக்கக்கூடிய பழைய விமானம் ஒன்றை வாங்கி இரத்மலானை விமான நிலையத்தில் நிறுத்தியிருக்கிறான், அவனே ஓட்டுவான். விமானத்தில் வழி காட்டுவதற்கு ஒரு கையடக்கக் கருவி. பறக்கும்போது அது விமானத்தின் மின்சாரத்தில் ஓடும். அந்த மின்சாரம் நின்றால் உள்ளேயுள்ள பேட்டரி தாங்க வேண்டும். இரத்மலானைக்குப் போகும் வழியில்தானே எங்கள் வீடு என்று பெட்டியை எங்களிடம் விட்டு வைப்பான். வாங்கியபோது திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை இன்றுவரை உரிக்கவில்லை.

வேலை செய்த காலமெல்லாம் விமானங்களின் மின்கருவிகளைப் பரிசோதித்துக் கையெழுத்து வைத்தவன் நான். நிரம்பிய பேட்டரியை மேலும் மேலும் சார்ஜில் போட்டு, அதுவும் இந்த வெக்கையில் வைத்தால், அது மெல்ல மெல்லச் செத்துவிடும். செத்த பிறகும் திரையில் நூறு என்றே காட்டும். இதை அவனுக்குச் சொல்லாத நாளில்லை.

மட்டக்களப்பில் இருக்கும் மனைவியின் தங்கைக்கு முழங்காலில் ஒப்பரேஷன் நடந்தது. மனைவிக்கு இடுப்பெலும்பில் தேய்வு. பஸ்ஸிலோ ரயிலிலோ அவ்வளவு தூரம் இருக்க முடியாது. "நான் கொண்டு போறன் அக்கா" என்றான் மைத்துனன். அன்றிலிருந்து அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தங்கையைப் பார்க்க அவளுக்கு வேறு வழி இல்லை.

போவதற்கு முந்தைய நாள் மத்தியானம் அவன் சாப்பிட வந்தான். பிட்டும் மீன் குழம்பும். பெட்டியைத் தூக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"நூறு வீதம் அத்தான். இனியும் குறை சொல்ல ஏலாது."

"கழட்டிப்போட்டு மேசையில வை. திரை வெளிச்சத்தை முழுசாக் கூட்டு. சாப்பிட்டு எழும்பேக்க பாப்பம்."

"உங்களுக்குப் பென்சன் வந்தும் இன்ஸ்பெக்சன் முடியேல்லை" என்று சிரித்துக்கொண்டே வயரை இழுத்தான்.

அவன் இரண்டாவது முறை பிட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது திரை கறுத்தது. கறுப்பதற்குச் சற்று முன்பும் எண்பதுக்கு மேலேதான் காட்டியது. பெட்டியைத் திருப்பினேன். வயிறு முட்டச் சாப்பிட்டவன் போல அதன் முதுகு உப்பியிருந்தது.

"பிளேன்ல கரண்ட் இருக்குத்தானே அத்தான்."

"உன்ர பிளேனுக்குக் கரண்ட் தாற ஆல்டர்னேட்டர் போன வருசம் ரெண்டு தரம் நிண்டது. மலைக்கு மேல முகிலுக்குள்ள நிண்டா என்ன செய்வாய்? அக்காவை ஜன்னலால எட்டிப் பாக்கச் சொல்லுவியோ?"

"பவர் பேங்க் ஒண்டு கொண்டு வாறன்."

அவன் பையில் இருந்த பவர் பேங்கை அங்கேயே செருகச் சொன்னேன். திரை மறுபடி விழித்து மின்னல் குறி வந்தது, ஆனால் எண் இறங்கிக்கொண்டே போனது. போனுக்குப் போதுமான மின்சாரம் இந்தத் திரைக்குப் போதாது. அவன் குறியை மட்டும் பார்த்து, "பாருங்கோ, சார்ஜ் ஏறுது" என்றான்.

அப்போது மனைவி குசினி வாசலில் நின்று சொன்னாள். "நான்தான் அதைக் கழட்டவே விடேல்லை. லைட் போனா என்ன செய்யிறதெண்டு, வீடு கூட்டேக்கையும் வயரைத் தூக்கிப் பிடிச்சுத்தான் கூட்டினனான்."

அந்தப் பயணத்துக்காக அவள் பார்த்துப் பார்த்து நிரப்பிய பெட்டி. நிரப்பி நிரப்பியே கொன்றிருக்கிறாள். எரிச்சல் முழுவதையும் மைத்துனன் பக்கம் திருப்பினேன்.

"புது பேட்டரி வெளிநாட்டால வரோணும். புறக்கோட்டையில அதே மாதிரி ஒண்டு இருக்காம்" என்றான்.

"ஸ்டிக்கர் மட்டும் அதே மாதிரி இருக்கும்" என்றேன்.

மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தாள். "அப்ப போக ஏலாதோ?"

கடதாசி வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தேன். மைத்துனனுக்கு அதை எந்தப் பக்கம் மேலே பிடிப்பது என்றே தெரியவில்லை. இத்தனை வருடம் பறந்தவன். மலைகளுக்குக் குறுக்கே போக வேண்டாம் என்றேன். கரையோரமாகத் தெற்கே இறங்கி, தீவைச் சுற்றிக் கிழக்குக் கரையில் ஏறினால் கடல் வலப்பக்கத்திலேயே இருக்கும். முகில் இறங்கினால் திரும்பி வருவது. நடுவில் இறங்கி எண்ணெய் நிரப்புவது. கருவி இருந்தாலும் செத்தாலும் ஒன்றுதான்.

"சுத்தி வளைச்சுப் போறதோ? அது படிக்கிற பொடியள் பறக்கிற வழி அத்தான். தெரிஞ்சவங்கள் கண்டாச் சிரிப்பாங்கள்."

"சிரிக்கட்டும்" என்றாள் அவனுடைய அக்கா. "கரையால போவம்."

மறுநாள் காலை வானம் தெளிவாக இருந்தது. நான் வரைபடத்தை மடியில் விரித்து முன்னால் உட்கார்ந்தேன். மனைவி இடுப்புக்குப் பின்னால் தலையணை வைத்துப் பின்னால் இருந்தாள். பெட்டியை வீட்டிலேயே விடச் சொல்லியிருந்தேன். உப்பிய பேட்டரியை விமானத்தில் ஏற்றுவது எந்த விதியிலும் இல்லை. அவன் இருக்கைக்கு முன்னால் வெறும் தாங்கி. பழக்கதோஷத்தில் அதை அடிக்கடி பார்த்தான். வலப்பக்கம் இந்து சமுத்திரம் முழுவதும் கிடந்தது. அதை அவன் பார்க்கவில்லை.

மட்டக்களப்பு வீட்டில் தங்கை ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மனைவி பக்கத்தில் இருந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

மைத்துனன் போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் சுவராகத் தேடினான்.

"பிளக் பொயின்ட் ஒண்டும் இல்லையோ?"

"எல்லாத்திலயும் ஏதோ கொழுவி இருக்கும்" என்றாள் தங்கை. "லைட் போனா என்ன செய்யிறது?"

என் மனைவி எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்து, எமர்ஜென்சி விளக்கு, போன், பவர் பேங்க் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "நிரம்பினதைக் கொழுவி வச்சா அது செத்துப்போகும்" என்று சொல்லி, வந்து தங்கையின் பக்கத்தில் இருந்தாள்.

நான் கண்களை மூடிக்கொண்டேன். திறந்தபோது மைத்துனன் வெறுமையான அந்தப் பிளக் பொயின்ட்களில் தன் போனையும் பவர் பேங்கையும் செருகிக்கொண்டிருந்தான்.