அனுப்பும் முன் கேட்டவர்

துறைமுக வீதியில் இருந்த எங்கள் கப்பல் சரக்குக் கந்தோரில் கம்பியூட்டர்களைக் கவனித்துக்கொண்டவர் அவர். ஒல்லியான உடம்பு, எப்போதும் சிவந்திருக்கும் கண்கள். தன் அறையில் இருந்தபடியே எல்லாக் கம்பியூட்டர்களுக்கும் புது மென்பொருளை அனுப்ப அவரால் முடியும். என்றாலும் ஒவ்வொரு மேசைக்கும் வந்து, "அனுப்பட்டோ, பிள்ளை?" என்று கேட்ட பிறகுதான் அனுப்புவார்.

அன்று வந்தவர் என் மேசையருகே குனிந்து மெல்லச் சொன்னார்.

"உங்கட சொந்தப் படங்கள் கம்பியூட்டரில இருந்தால் இப்பவே எடுத்து வையுங்கோ."

"ஏன் ஐயா?"

"இண்டைக்கு அனுப்பிறது உங்கட வேலையெல்லாத்தையும் தானாவே செய்யும். நாளைக்கு உங்களெல்லாரையும் வேலையால நிப்பாட்டப் போகினம். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு சொன்னவை."

"அனுப்பாமல் விட ஏலாதோ?"

"நான் விட்டால் கொழும்புத் தலைமைக் கந்தோரிலயிருந்து அனுப்புவினம், பிள்ளை. அவை உங்களிட்டக் கேக்கவும் மாட்டினம்."

பின்னேரம் அனுப்பினார். மறுநாள் எங்களை நிறுத்தினார்கள். முன்கூட்டியே எங்களுக்குச் சொன்னது தெரிந்து அவரையும் நிறுத்தினார்கள். வாசலில் எல்லோரும் நின்றோம். அவரோடு ஒருவரும் கதைக்கவில்லை. எங்கள் பிழைப்பை முடித்தது அவருடைய விரல்தான். அந்தக் கந்தோரில் எங்களை மனிதராக நினைத்து ஒரு வார்த்தை சொன்னவரும் அவர் ஒருவர்தான். அவரைக் கோபிப்பதா, கும்பிடுவதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.