பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

மிஷன் பள்ளி ஆசிரியைக்கு ரகசியம் என்று ஒன்று கிடையாது. ஜெபக் குறிப்பு என்று ஒன்றுதான் உண்டு.

நாகர்கோவிலில் கான்வென்டில் படித்து, கொழும்பில் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன மிஷன் பள்ளிக்கு ஆங்கிலம் கற்பிக்க ஊழியமாக வந்தவள் நான். வந்தது தனியாக, கல்யாணமும் பிள்ளையும் இங்கே வந்து ஆனவை. கணவருக்கு அதே மிஷனில் மலையகத்தில் வேலை, மாதக் கடைசியில்தான் வருவார். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு வகுப்பெடுக்கும் சகோதரிகளே, பயத்தை எந்தப் பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கரும்பலகையில் எழுதுவது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஒரு சகோதரியின் பிள்ளை

மகள் பிறந்தபோது செய்த காதுப் பரிசோதனை சரியாக வரவில்லை. "சில வேளை காதுக்குள்ளே நீர் நிற்கும், சில மாதம் கழித்து இன்னொருமுறை பார்ப்போம்" என்றார்கள். அந்தச் சில மாதத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். பாலூட்டும்போதும் விரலைச் சொடுக்கிப் பார்ப்பேன்.

தாங்க முடியாமல், வெள்ளவத்தையிலிருந்து வரும் விமலா டீச்சரிடம் வெள்ளிக்கிழமை ஜெபத்தில் வைக்கச் சொன்னேன். பெயர் வேண்டாம், 'ஒரு சகோதரியின் கைப்பிள்ளைக்குக் காது கேட்கவேண்டும்' என்று மட்டும் போதும் என்றேன். அவரும் அப்படியே சொன்னார். இடைவேளைக்குக் கன்டீனுக்குப் போனால், தேத்தண்ணி ஊற்றும் ராணி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"பேர் சொல்லாட்டி என்ன டீச்சர், இந்தப் பள்ளிக்கூடத்தில கைப்பிள்ளை வேற ஆருக்கு இருக்கு?"

பள்ளிக்கூடமே பரிசோதனைக்கூடம்

அதிபர் அம்மா ஆசிரியர் அறையில் பிள்ளைக்குச் சேலையில் ஏணை கட்ட அனுமதித்திருந்தார். மறுநாளிலிருந்து அந்த ஏணையைக் கடந்துபோன ஒருவரும் சும்மா போகவில்லை. கணித ஆசிரியை பெரோஸா சாவிக்கொத்தைக் குலுக்கினார். விமலா டீச்சர் சாப்பாட்டுப் பெட்டி மூடியைக் கீழே போட்டார். மகள் சில நேரம் திரும்புவாள், சில நேரம் மாட்டாள். திரும்பினால் அறையே கைதட்டும். திரும்பாவிட்டால் எல்லோருக்கும் திடீரென்று திருத்தவேண்டிய பிள்ளைகளின் கொப்பிகள் ஞாபகம் வந்துவிடும்.

ஒருநாள், அண்ணன் என்பதற்குச் சிங்களத்தில் 'அய்யே' என்று நாங்கள் கூப்பிடும் வாசல் காவலர் சுனில் அய்யே பள்ளி மணியையே கழற்றிக் கொண்டுவந்து ஏணைக்குப் பக்கத்தில் நின்று ஓங்கி அடித்துவிட்டார். இரண்டு வகுப்புகள் வீட்டுக்குப் போகப் புத்தகப்பையைத் தூக்கிவிட்டன. அய்யே நெடுநேரம் மகளின் முகத்தைப் பார்த்தார்; பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"மிஸ், பேபி திரும்ப இல்ல. பிரின்சிபல் மேடம்தான் திரும்பினது."

நூலும் தண்ணீரும்

மாணவர்களின் பெற்றோர் வரத் தொடங்கினார்கள். ஒரு தாய் கோயிலில் வைத்து எடுத்த நூலைப் பிள்ளையின் கையில் கட்டினார். இன்னொருவர் ஓதிய தண்ணீர் கொண்டுவந்தார். வத்தளையிலிருந்து வரும் மாணவி ஒருத்தியின் தாய் மாதா கோயில் எண்ணெயோடு வந்தார். நானோ ஊழியம் செய்ய வந்தவள். வாங்கினாலும் உறுத்தல், மறுத்தாலும் உறுத்தல். எங்கள் மிஷன் ஆட்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று அதிபர் அம்மாவிடம் போய் நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பரீட்சைக்கு முதல் நீர் அவையின்ர பிள்ளையளின்ர தலையில கை வச்சு ஜெபிக்கேக்க, அவை உம்மோட சண்டைக்கு வந்தவையே?"

போவதா, இருப்பதா

நாகர்கோவிலிலிருந்து என் அம்மா தினமும் போனில், "கிளம்பி வந்திரு மக்கா, இங்க இல்லாத டாக்டரா?" என்பாள். மிஷனும் திரும்பிப் போக விருப்பமென்றால் சொல்லும்படி கேட்டிருந்தது. உண்மையைச் சொன்னால், மனதுக்குள் பெட்டி கட்டி முடித்துவிட்டேன். பரிசோதனை முடிவு எப்படியிருந்தாலும் போய்விடுவது என்றுதான் இருந்தேன்.

எப்படியோ அதுவும் பரவியது. ஓ.எல். பொதுப் பரீட்சை எழுதும் என் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா, பாமன்கடை என்ற இடத்தில் கடை வைத்திருப்பவர், பிஸ்கட் பெட்டியோடு வந்தார். பரீட்சை நெருங்குவதைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"போறதெண்டா ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போங்கோ டீச்சர். வீட்டில மூண்டு பேரும் உங்கட பிள்ளைக்காகக் கும்பிடுறம். எந்த நாட்டு ஆஸ்பத்திரி எண்டு சாமிக்கும் தெரியோணுமெல்லே?"

களுபோவிலையிலிருந்து வந்த பிறகு

களுபோவிலை ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் தூங்கவைத்து, தலையில் ஒயர்கள் ஒட்டிப் பார்த்தார்கள். சிங்கள டாக்டர் அம்மா எனக்காக மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார். வலது காது நன்றாகக் கேட்கிறது. இடது காது கேட்கவில்லை; அது திரும்பி வராது. பேச்சு வரும், பள்ளிக்கும் போவாள், தொடர்ந்து காட்டிவாருங்கள் என்றார். நான் 'வராது' என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆசிரியர் அறையில் மகளை ஏணையில் கிடத்திவிட்டுச் சொன்னேன். விமலா டீச்சர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பெரோஸா மட்டும் எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் மகளின் வலது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு காது நல்லாக் கேக்குதே, அல்ஹம்துலில்லாஹ். நாங்க எல்லாரும் இந்தப் பக்கம் வந்து கதைக்கிறோம். இதுக்குப் போய் ஊருக்குப் போறயா?"

நான் போகவில்லை. மகளின் வலது பக்கத்தில் பெற்ற தாய்க்கு நிற்க இடம் கிடைப்பதில்லை என்பதுதான் இப்போது இந்த ஊழியத்தில் எனக்குள்ள ஒரே முறைப்பாடு.