எலிகள் குடித்த லிக்கர் சாய்

மருந்து என்று சொல்லி வெறும் தேநீரைக் கொடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன். வாசு சாரைப் பழிவாங்கக் கொடுத்தேன்!

எலிகளுக்குத்தானே என்கிறீர்களா? முழுதும் கேளுங்கள்.

டாலிகஞ்சில் எங்கள் ஆய்வுக்கூடம். அதன் தலைவர் வாசு சார். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அந்தச் சிறுபீளை சிறுநீரகத்தைக் காக்குமா என்று சோதிக்கும் யோசனை என்னுடையது. முதலில் சில எலிகளில் பார்த்தேன். சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஊசியைப் போட்டும், செடிச்சாறு குடித்தவை தப்பித்தன! ஓடிப்போய் அவரிடம் காட்டினேன்.

அடுத்த கூட்டத்திலேயே, "இது என் யோசனை" என்று மேலிடத்தாரிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்... பிறகு கேட்டதற்குச் சிரித்தார்.

"எலிக்குக் குடிக்கக் குடுக்கறது உன் வேலை, யோசிக்கறது என் வேலை. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறியேம்மா!"

குடிக்கக் கொடுப்பது என் வேலைதானே? சரி சார், கொடுக்கிறேன்!

பெரிய சோதனை தொடங்கியது. செடிச்சாறு பழுப்பு நிறம். வாசல் கடை லிக்கர் சாயும் பழுப்புதான். பாலில்லாத தேநீருக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். சர்க்கரை வேண்டாமென்று வாங்கி, ஆறவைத்து, நிறையத் தண்ணீர் கலந்து, அன்றாடம் எலிகளின் தொண்டையில் இறக்கினேன். உண்மைச் சாற்றைக் கழுவுதொட்டியில் கொட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நாளும் தவறவில்லை.

எலிகளின் சிறுநீரகங்கள் வெளிறி வீங்கின. செடி உதவாது என்று முடிவாயிற்று. இத்தனை பணம் வீணானது ஏன் என்று மேலிடம் விசாரணை வைத்தது. அந்தக் கூட்டத்தில் வாசு சார் தலைகுனிவதைப் பார்க்க, கரியாஹாட் கடைத்தெருவில் புதுப்புடவை வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன்.

"மருந்து கொடுத்தது நீதானே?" என்று மேலிடத்தார் ஒருவர் என் பக்கம் திரும்பினார். நான் புதுப்புடவையின் தலைப்பைத் திருகினேன்.

வாசு சார் எழுந்தார். "இது என் யோசனை. அவள் வேலையில் தவறே இருக்காது. கேட்பதை என்னிடம் கேளுங்கள்."

முன்பு சொன்ன அதே வார்த்தை! பெருமையா, பெருந்தன்மையா... எதுவென்று இன்றும் தெரியவில்லை. அவரிடமிருந்து ஆய்வுக்கூடத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். சிறுபீளையை அதன்பின் அங்கே யாரும் தொடவில்லை.

போகியன்று அம்மா அதை ரயில் பாதையோரம் பறித்து வருகிறாள். நான்தான் வாசலில் கட்டுகிறேன்.

வாயைத் திறந்தால் அந்தச் செடி பிழைக்கும். ஆனால் அவரும் தலைநிமிர்வாரே... பாழும் மனசு, அதை மட்டும் பொறுக்கமாட்டேன் என்கிறது!