பரண்மேல் ஒரு ராக்கெட்

அன்று திண்டிவனம் பள்ளியில் நான் நடத்திய பாடம் விண்வெளிக் குப்பை. செயலிழந்த ராக்கெட்டுகளில் எதை முதலில் அகற்றுவது என்பதில் நிபுணர்கள் ஒத்துப்போவதில்லை. ஆகவே ஒவ்வொருவரும் தனித்தனியே ஆபத்து வரிசை போட, அந்த இடங்களைக் கூட்டுகிறார்கள். எதற்குக் கூட்டுத்தொகை குறைவோ அது பொதுப்பட்டியலில் முதல்.

ரயிலில் விழுப்புரம் திரும்பினால் வீட்டில் சண்டை. கூடத்து வாசலுக்கு மேலுள்ள பரணில் விரிசல். ஒரு சாமானையாவது உடனே இறக்கச் சொல்லியிருந்தார் கொத்தனார். பக்கத்துக் கிராமமான காணையிலிருந்து வந்திருந்த மைத்துனன், ஒன்றைத் தன் வண்டியில் ஏற்றிப்போய் மோட்டார் கொட்டாயில் நிலக்கடலை மூட்டைகளோடு வைத்துக்கொள்வதாகச் சொன்னான். எதை?

மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், மைத்துனன் மூவருக்கும் பாடத்தை மறுபடி நடத்தி, ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். பரணில் இருந்தவை ஐந்து: பழைய டிவி, ஓடாத கிரைண்டர், மனைவியின் பித்தளை அண்டா, மைத்துனன் எங்களிடம் போட்டுவைத்த மோட்டார், என் இருபத்தாறு ஆண்டு நாட்குறிப்புகள் அடங்கிய இரும்புப் பெட்டி. பெட்டியைக் கடைசியில் போட்டிருக்கலாம். நேர்மை கருதி மூன்றாவதாகப் போட்டேன்.

முதலிடத்தில் நால்வரும் நான்கு வேறு சாமான்களை எழுதியிருந்தோம். பெட்டி அதில் இல்லை. நிம்மதியாகக் கூட்டினேன். ஆனால் மற்ற மூவரும் இரண்டாமிடம் கொடுத்திருந்தது பெட்டிக்கு. மொத்தம் ஒன்பது. அடுத்து வந்த அண்டாவுக்குப் பதினொன்று. மறுபடி கூட்டினேன், ஒன்பதுதான்.

"யாருமே அத ஃபர்ஸ்ட் போடலையே!" என்றேன்.

"நீங்கதானேங்க கூட்டணும்னு சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"வெயிட்டு ஜாஸ்தி, எல்லாரும் போற வழிக்கு மேல இருக்குது, தானா எறங்கவும் எறங்காது. நீ சொன்ன ராக்கெட்டேதாம்பா" என்றாள் மகள்.

"பேஜாரு பண்ணாதீங்க மாமா. மழ வந்தா பொட்டிய மல்லாட்ட மூட்ட மேல தூக்கி வெச்சிடறேன்" என்றான் மைத்துனன்.

பெட்டிக்குப் பூட்டில்லை என்பது வண்டி தெரு திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான்காம் நாள் போன் வந்தது.

"மாமா, கரண்ட்டு இல்ல, சும்மா படிச்சிக்கினு இருந்தேன். என் கல்யாணத்தன்னிக்கு 'சாம்பார் தண்ணீர், மாப்பிள்ளை முகத்தில் களை இல்லை'ன்னு எழுதி வெச்சிருக்கீங்களே?"

"அது ஏதோ அவசரத்துல எழுதனதுப்பா."

"அவசரமா? மூணாவது பந்தி, மணி பத்து நாப்பதுன்னு போட்டிருக்கீங்க!"

மறுநாள் முதல் பஸ்ஸில் காணைக்குப் போனேன், கையில் ஒரு பூட்டுடன்.