நாற்பத்தேழாம் நம்பரின் கடைசி ஒற்றை

என் தையல் பெட்டியின் அடியில் ஒரு படக்கதைப் புத்தகம் முப்பத்தைந்து வருடமாகக் கிடந்தது. அட்டையில் புயலும் கலங்கரை விளக்கமும். மூலையில் நீலப் பென்சிலால் 47 என்ற எண். அது விலை அல்ல. கொழும்பு மருதானையில் பழைய புத்தகக் கடை வைத்திருந்த, எல்லாரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் போட்ட எண். அவருடைய கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் எதையும் வாங்குவதில்லை. நின்றபடியே முழுக்கதையையும் வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கு நானா ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு படக்கதையிலும் கடைசி ஒற்றையை, கதை முடிகிற அந்தத் தாளை, கழற்றி, புத்தகத்திலும் ஒற்றையிலும் ஒரே எண்ணைப் போட்டு, ஒற்றையை மட்டும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்துவிடுவார். புத்தகத்தை வாங்கியவர்கள் எண்ணைச் சொல்லிக் கேட்டால் டின் திறக்கும். கேட்காவிட்டால் அவருக்கும் ஞாபகம் வராது.

வெள்ளவத்தையிலிருந்து ரயிலேறி அந்தக் கடைக்குப் போவது அண்ணாவின் சனிக்கிழமை வழக்கம். நானும் ஒட்டிக்கொண்டு போவேன். அங்கே எல்லாம் கலந்து கிடக்கும். சிங்களச் சோதிடப் புத்தகங்கள், எண்ணெய்க் கறை படிந்த ஆங்கிலச் சமையல் புத்தகங்கள், யாரோ தன் பெயரை வெட்டியெடுத்த பாடப்புத்தகங்கள், அட்டை போன இந்திய வாரப்பத்திரிகைகள், இவற்றுக்கு அடியில் படக்கதைகள். அண்ணா முழங்கையால் குவியலைப் பிளந்து உள்ளே போவான். நான் ஓரமாக நின்று, கைக்கு எட்டியதைப் புரட்டுவேன். ஆட்களோடு கதைப்பது எனக்கு அப்போதும் வராது.

அம்மாள் வருத்தம் வந்து, உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளத்தோடு அண்ணா வேப்பிலைக்கு நடுவே படுத்திருந்த கிழமை, தனக்கொரு படக்கதை வாங்கிவரும்படி என்னிடம் கெஞ்சினான். அம்மா என்னைக் கடைவாசலில் விட்டுவிட்டு மருந்து வாங்கப் போனார். கலங்கரை விளக்கத்தை எடுத்தேன், காசை நீட்டினேன், நானா வாங்கிப் போட்டுக்கொண்டு வேறொருவரோடு ஓர் அகராதிக்குப் பேரம் பேசினார். டின் அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. எண்ணை மனதுக்குள் பத்துத் தரம் சொன்னேன். வாய் திறக்கவில்லை. அம்மா வந்து கூப்பிட, போய்விட்டேன்.

அண்ணா படுத்தபடியே கடைசிவரை வாசித்து, பின்னட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“உனக்கு வாய் எதுக்கு இருக்கு, சோறு தின்னவோ?” என்றான். “நீ விட்டிட்டு வந்தனி. நீதான் போய்க் கேக்கோணும்.”

சுகமான பிறகும் அவன் கேட்டு வாங்கவில்லை. சனிக்கிழமைதோறும் கடைக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்று என்னை உள்ளே அனுப்பினான். நான் மேசைவரை போய், ஏதாவது வேறு புத்தகத்தோடு திரும்பி வந்தேன். ஒரு நாள் நானாவின் கடை இருந்த இடத்தில் செருப்பும் சப்பாத்தும் விற்கிற கடை இருந்தது. கதையில் இரவுதோறும் கலங்கரை விளக்கை அணைத்துக் கப்பல்களைக் கவிழ்த்தது யார் என்பது அதோடு தெரியாமலே போயிற்று. கப்டன்தான், மீசையைப் பார்த்தாலே விளங்கும் என்றான் அண்ணா. நான் சமையல்காரன் என்றேன். விளக்கு அணைந்த ஒவ்வோர் இரவுப் படத்திலும் சமையல்காரனுடைய சட்டைக்கை நனைந்திருந்தது. வீட்டில் எல்லாரும் அண்ணாவின் பக்கம். அவன் படிக்கிற பிள்ளை.

பிறகு அவன் கனடா போனான், நான் பத்தாம் வகுப்போடு தையலுக்கு வந்தேன். ஞாயிறுதோறும் தொலைபேசி எடுப்பான். வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ கேட்க வேண்டியதைக் கேட்காமல் நான் திரும்பி வந்தால், “இன்னொரு கடைசி ஒற்றையோ?” என்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன். போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் தங்காது.

போன மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சாறிச் சட்டைகள் தைத்துக் கொடுத்துவிட்டு வரும்போது, ஒடுக்கமான ஒரு பழைய புத்தகக் கடையைக் கண்டேன். மேலே கிடந்த படக்கதையில் நீலப் பென்சிலால் 112. கடைசி ஒற்றை இல்லை. மேசையில் என் வயதுப் பெண் ஒருவர், தலையில் முக்காடு. சுற்றி நாலு பேர். ஒரு சமையல் புத்தகத்தைப் புரட்டுவதுபோல நின்று, மெல்ல வாசலுக்கு வந்துவிட்டேன். இப்படி வெளியேறுவதில் எனக்கு நல்ல பயிற்சி. வாசலில் கால் நின்றது. திரும்பினேன்.

“நாற்பத்தேழாம் நம்பர் கடைசி ஒற்றை தாங்கோ.”

நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்தது. நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“புத்தகம் எப்ப வாங்கின?” என்றார் அவர்.

“முப்பத்தஞ்சு வருசத்துக்கு முந்தி.”

அவர் சிரித்தார். “வாப்பாட டின் ஈக்குது அக்கா. ஆரும் வந்து கேப்பாங்க, வீசிறாத எண்டு செல்லிட்டுத்தான் மவுத்தானார். நீங்கதான் மொத ஆள்.” நானா இறந்த பிறகும் அவருடைய டின்னைக் காத்து வைத்திருந்த மகள்.

டின்னில் 47 என்று இரண்டு ஒற்றைகள் இருந்தன; நானா எண்களை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். ஒன்றில் குதிரைகள். மற்றதில் கலங்கரை விளக்கம், படியில் கையும் களவுமாகச் சமையல்காரன். சட்டைக்கை நனைந்திருந்தது. நான் அந்தக் கடைக்குள்ளேயே சத்தம் போட்டுச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாவிடம் சொன்னேன்.

“ஆர் வாங்கித் தந்தது?”

“நான்தான் கேட்டு வாங்கினனான். நாலு பேருக்கு முன்னால.”

“கப்டன்தானே?” என்றான். நான் சொல்லவில்லை.

மார்கழியில் வருகிறான். புத்தகத்தைத் தையல் பெட்டியிலிருந்து எடுத்து, அவன் படுக்கப்போகும் அறையில் வைத்திருக்கிறேன். கடைசி ஒற்றை என்னிடம், ஒரு பிஸ்கட் டின்னுக்குள். எண்ணைச் சொல்லி, வாயைத் திறந்து கேட்கட்டும்.