கிழக்குப் பார்த்த பஸ்

எனக்கு வீடு என்றால் வேறொன்றும் வேண்டாம். நானே உப்புப் போடுகிற ஓர் அடுப்பு இருந்தால் போதும்.

கல்யாணமாகித் தேனிக்கு வந்த நாளிலிருந்து நான் அரைத்தேன், நறுக்கினேன், தண்ணீர் சுமந்தேன், அடுப்பில் ஊதி ஊதிக் கண்ணெரிய நின்றேன். உப்பை மட்டும் மாமியார் போட்டார். குழம்பு கொதி வரும் நேரத்துக்கு எங்கிருந்தாலும் வந்துவிடுவார். "தள்ளு ஆத்தா" என்று என் தோளை ஒதுக்கிவிட்டு, உப்பு மரவைக்குள் கையை விடுவார். ஒரு பிடி. ருசி பார்ப்பதும் கிடையாது. அந்த ஒரு பிடியோடு, காலையிலிருந்து நான் வெந்து நொந்து வைத்த குழம்பு அவர் வைத்த குழம்பாகிவிடும். சாப்பிட உட்காருகிறவர்கள் எல்லாம் "ஆத்தா கைப்பக்குவமே தனி" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். தேனிக்கும் கம்பத்துக்குமாக ஒரே பஸ்ஸை யுத்தகாலம் முழுக்க ஓட்டினார். ராத்தங்கல் கம்பத்தில். வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வருவார், அடித்துப் போட்டதுபோல் தூங்குவார், மறுபடி கிளம்பிவிடுவார். பெட்ரோல் கிடைக்காத காலம் அது. பஸ்ஸின் பின்னால் ஆள் உயர இரும்பு டாங்கி ஒன்றை மாட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். கிளம்புவதற்கு முன்னால் கிளீனர், கரி கனல டாங்கியிலுள்ள காற்றாடியைப் பிடித்துச் சுற்றோ சுற்றென்று சுற்ற வேண்டும். மேடு வந்தால் டிக்கெட் வாங்கியவர்களே இறங்கித் தள்ள வேண்டும். யுத்தம் முடிந்ததும் முதலாளி புது பஸ் எடுத்தார். பழையதைக் காயலான் கடைக்குப் போடப்போவதாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் அதைத் தனக்கே கேட்டு வாங்கிக்கொண்டார்.

யோசனையெல்லாம் அவருடையதுதான். டிரைவர் உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பித்தளைப் பாத்திரம் ஏற்றிக்கொண்டு சந்தை சந்தையாகப் போவது. தேவதானப்பட்டி, போடி, சின்னமனூர், கம்பம். பஸ்ஸின் பின்பாதியில் பாத்திரம், முன்பாதியில் குடித்தனம்.

"அங்கனயே சமையல், அங்கனயே படுக்க. நீயும் எங்கூட வந்துரு. வாரத்துக்கு ஒருக்க மூஞ்சியப் பாக்குற பொழப்பு போதும்" என்றார்.

"எனக்குன்னு அடுப்பு இருக்குமா?" என்று கேட்டேன்.

"ஒனக்கில்லாம வேற யாருக்கு?"

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஒரு பழைய பஸ்ஸில் நாலு பலகை அடித்து ஓர் அடுப்பு வைக்க எத்தனை நாள் ஆகிவிடும் என்று நினைத்தேன். நினைத்தேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினோம். சீட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு, முன்னால் டிரைவர் பக்கத்துச் சீட்டு ஒன்றை மட்டும் விட்டோம். பஸ்ஸுக்குப் பலகை வேலை செய்கிறவர்கள் மதுரையில்தான் இருந்தார்கள். மாமியார் அதெல்லாம் தேவையில்லை என்று எங்கள் வீட்டுக்கு நிலைக்கதவு செய்த ஆசாரியையே வரவழைத்தார். நல்ல வேலைக்காரர்தான். ஆனால் அதுவரை அவர் பஸ்ஸில் ஏறி இறங்கியதோடு சரி. கையில் முழக்கோலோடு உள்ளே போனவர், அகலத்தை அளந்தார், மறுபடி அளந்தார், கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏழடி வருது. ஏழடி ஆகாதே. தரித்திரம்ல."

"ஆசாரியாரே, இது பஸ்ஸு" என்றார் என் வீட்டுக்காரர். "இத்தன வருசமா இதுல முப்பது பேர ஏத்திட்டுப் போயிருக்கேன்."

"பஸ்ஸா ஓடுனவரைக்கும் ஏழடி இருந்துட்டுப் போகட்டும். குடியிருக்கணும்னா ஒண்ணு ஆறடி, இல்ல எட்டடி. மனையடி சாஸ்திரம் எனக்கும் ஒங்களுக்கும் மாறாது."

எட்டடி ஆக்க வேண்டும் என்றால் பஸ் ரோட்டில் போக முடியாது. ஆகவே ஆறடி. வலது பக்கம் நெடுகப் பலகைச் சுவர் ஒன்று எழும்பி, இருந்த இடத்தில் ஓரடியை விழுங்கியது. படுத்தால் காலை நீட்ட வேண்டிய ஓரடி. மாமியார், "ஆசாரி சொன்னாகன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அந்தப் பலகைக்குப் பின்னால் எலிகள் போய்ச் சேர்ந்தன. பால் காய்ச்சாமலே அந்த வீட்டுக்குக் குடிபோனவை அவைதான்.

அடுத்தது வாசல். பஸ்ஸுக்கு இடது பக்கம் ஒரு வழி இருந்ததே, அது போதாதா? போதாதாம். வீடு என்றால் நிலை வேண்டும். தேக்கில் நிலை செய்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து, நல்ல நேரம் பார்த்து பஸ்ஸில் நிலை வைத்தார்கள். தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. கீழே வாசப்படியும் வைத்துவிட்டதால் அதை மிதிக்கக் கூடாது. என் வீட்டுக்காரருக்கோ பஸ் படியில் ஒரு காலை வைத்து ஏறித்தான் பழக்கம். ஒவ்வொரு தடவையும், "ஏலே, வாசப்படிய மிதிக்காத" என்று மாமியார் குரல் வரும். மூட்டை தூக்கிக்கொண்டு அந்தப் படியைத் தாண்டப் போய் ஒரு நாள் குப்புற விழுந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டே எழுந்து, "பலமான அடி இல்ல ஆத்தா" என்றார். அவர் அம்மாவிடம் பேசுகிற அழகு அவ்வளவுதான்.

வாசல் கிழக்கே பார்க்க வேண்டும் என்று மாமியார் சொன்னதும் என் வீட்டுக்காரர் பஸ்ஸைத் தெற்கே மூக்கு வைத்துத் திருப்பி நிறுத்தினார். இடது பக்கம் கிழக்கு, சரியாகிவிட்டது என்று நான் மூச்சு விட்டேன். மாமியார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"இப்ப கிழக்க பாக்குது. கம்பத்துக்குப் போறப்பவும் கிழக்க பாக்கும். போடிக்குப் போனா?"

போடி மேற்கே. வண்டி மேற்கே போனால் வாசல் தெற்கே பார்க்கும். தெற்குப் பார்த்த வாசல் அந்தக் குடும்பத்துக்கு ஆகாது.

"நிக்கிறப்ப பாத்தாப் போதாதா அத்த? ஓடுறப்ப எங்கன பாத்தா என்ன?" என்றேன்.

"ஓடுனா வீடு இல்லாமப் போயிருமா?"

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப போடி வேணாம்" என்றார். அந்தப் பக்கத்திலேயே பாத்திரம் நன்றாகப் போகிற சந்தை போடி. ஏலக்காய்த் தோட்டத்து ஆட்கள் இறங்கி வந்து அண்டா அண்டாவாக வாங்குவார்கள். அதை ஒரு வார்த்தையில் விட்டுக்கொடுத்தார். நான் உள்ளே போய்ப் பலகைச் சுவரை ஒரு குத்துக் குத்தினேன். எலிகள்தான் ஓடின.

இத்தனைக்கும் நடுவில் ஒன்றே ஒன்று என் இஷ்டப்படி நடந்தது. அடுப்பு. கண்மாய்க் களிமண்ணை நானே கூடையில் சுமந்து வந்தேன். உமி கலந்து மிதித்தேன். தரைப் பலகை பற்றிக்கொள்ளாமல் இருக்கத் தகரம் விரித்து, மணல் கொட்டி, அதன்மேல் கட்டினேன். பெரிய வாய் ஒன்று சோற்றுக்கு, பக்கத்தில் சின்ன வாய் குழம்புக்கு. ஓரத்தில் உப்பு மரவை வைக்க ஒரு திட்டு. அந்தத் திட்டை மட்டும் நாலு தடவை மெழுகினேன். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல் இருந்தது.

வைகாசிக் கடைசியில் பால் காய்ச்சினோம். பால் பொங்கியது. எல்லாரும் குலவையிட்டார்கள். அப்புறம் சாமிக்குப் படைக்கப் பொங்கலும் சாம்பாரும் வைத்தேன். கொதி வந்தது. மரவையில் கையை விடப்போனேன்.

"தள்ளு ஆத்தா. புது அடுப்புல மொத உப்பு மூத்த கை போடணும்" என்றார் மாமியார்.

போட்டார். போகட்டும், மொத உப்புத்தானே, நாளைக்குக் காலையில் வண்டி கிளம்பிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கிளம்பவில்லை. மறுநாள் விடிந்ததும் மாமியார் வந்து சொன்னார்: ஆனி பிறக்கப்போகிறது. ஆனியில் குடி பெயரக் கூடாது.

"நாங்க குடி பெயரலியே அத்த. சந்தைக்குப் போயிட்டு வரப்போறோம்."

"வீட்டோடல்ல போறீக. வீட்ட எடுத்துட்டு இன்னொரு ஊருக்குப் போனா அது குடி பெயருறது இல்லாம என்ன?"

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் டயரைப் பார்த்தார்.

ஆனி போனது. ஆடி வந்தது, ஆடியில் கேட்கவே வேண்டாம். அவர் பாத்திரத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு அடுத்தவன் பஸ்ஸின் கூரையில் போட்டுச் சந்தைக்குப் போனார். சொந்த பஸ் பின்மனையில் நின்றது. ஆடிக் காற்றுப் புழுதி பூராவும் உள்ளே அடித்தது. சாரலில் சக்கரம் மண்ணுக்குள் இறங்கியது. அடியில் கோழிகள் அடைகாத்தன. புது வீட்டு அடுப்பு ஒரு நாளும் எரியாமல் கிடக்கக் கூடாது என்று மாமியார் தன் சமையலையே பஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டார். என் அடுப்பு. என் திட்டு. நான் பழையபடி அரைத்தேன், நறுக்கினேன், தண்ணீர் சுமந்தேன். முன்னே வீட்டுக்குள் செய்ததை இப்போது பஸ்ஸுக்குள் குனிந்துகொண்டு செய்தேன்.

ஆவணி பிறந்தது. வாயைத் திறந்து கேட்டேன். தேய்பிறை என்றார் மாமியார். வளர்பிறை வந்தது. வியாழக்கிழமை, தெற்கே சூலம் என்றார். வெள்ளிக்கிழமை வீட்டை வெளியே அனுப்புவார்களா என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எப்பத்தான் போறது அத்த? புரட்டாசியில ஆகாதும்பீக. மார்கழியில ஆகாதும்பீக. பஸ்ஸு ஓடுறதுக்குத்தானே சக்கரம் வெச்சிருக்கு?"

அவர் கோபப்படவில்லை. ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்.

"அடுப்பு இருக்குற வரைக்கும் இது வீடு ஆத்தா. வீட்ட நெனச்ச நேரத்துக்கு நகட்ட முடியுமா?"

அன்று மத்தியானம் மாமியார் படுத்திருந்த நேரத்தில், கரி டாங்கியைக் கிண்டுகிற இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறினேன். வாசப்படியை நன்றாக மிதித்துத்தான் ஏறினேன். முதல் அடி பெரிய வாயில். காய்ந்து இறுகிப்போயிருந்தது, லேசில் உடையவில்லை. நான்தான் அவ்வளவு கெட்டியாகக் கட்டியிருந்தேன். சின்ன வாயையும் உடைத்தேன். உப்புத் திட்டு வந்ததும் கை நின்றது. அதை உடைக்கும்போது வாய்விட்டு அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. கட்டியையும் மணலையும் கூடையில் அள்ளி வேலியோரம் கொட்டிவிட்டு, தகரத்தைத் துடைத்தேன்.

சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நீ கட்டுனதாச்சே" என்றார்.

"ஆமா. கரியப் போட்டுப் பத்த வையுங்க. போவோம்."

பாத்திரச் சாக்குகளைப் பின்னால் ஏற்றிவிட்டு, சக்கரத்தைச் சுற்றி மண்ணை வெட்டினார். டாங்கியைப் பற்ற வைத்தார். கிளீனர் ஏது? காற்றாடியை நான்தான் சுற்றினேன். தோள்பட்டை இற்றுப்போகிற மாதிரி வலித்தது. இரண்டு தடவை உறுமிவிட்டு அணைந்தது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு மாமியார் எழுந்து வந்தார். சண்டைக்குத் தயாராக நான் முந்தானையை இழுத்துச் செருகினேன். அவர் உள்ளே எட்டி, அடுப்பு இருந்த இடத்தைப் பார்த்தார்.

"அடுப்ப எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"அப்ப இது பஸ்ஸுதான்."

"பஸ்ஸுதான்."

அவர் திரும்பி வீட்டுக்குள் போனார். கதவைச் சாத்திக்கொள்வார், இல்லை மண்ணை வாரித் தூற்றுவார் என்று நின்றேன். ஒரு துணி மூட்டையும் வெற்றிலைப் பையுமாக வெளியே வந்தார். வாசப்படியில் காலை ஊன்றி மிதித்து ஏறி, முன்னால் இருந்த அந்த ஒற்றைச் சீட்டில் உட்கார்ந்தார்.

"மகன் வீட்டுல போயி ஒட்டிக்கிட்டாள்னு நாலு பேரு பேசுவாகன்னுதான் கூட வர இத்தன நாளும் யோசிச்சேன்" என்றார். "பஸ்ஸுல ஏறுறதுக்கு யாரு என்ன சொல்லப்போறாக? கம்பத்த நான் பாத்ததே இல்ல. எடு வண்டிய."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பின்னால் பாத்திரச் சாக்குகளின்மேல் போய் உட்கார்ந்தேன். வழி நெடுக ஒவ்வொரு பள்ளத்துக்கும் அண்டாக்கள் இடுப்பில் இடித்தன.

உத்தமபாளையம் தாண்டி ஆற்றோரம் சாயங்காலம் வண்டியை நிறுத்தினார். நான் இறங்கி மூன்று கல் பொறுக்கிக் கூட்டினேன். காற்றில் நெருப்புப் பிடிக்கவில்லை. சுள்ளியைக் காட்டிக் காட்டி ஊதினேன். அங்கே பஸ்ஸின் பின்னால் டாங்கி கனகனவென்று எரிந்துகொண்டிருந்தது. பஸ்ஸுக்கு அடுப்பு இருந்தது, எனக்குத்தான் இல்லை. ஒருவழியாகப் பற்றிக்கொண்டது. உலை வைத்து, பருப்பு வேகவைத்து, புளி கரைத்து ஊற்றினேன். கண்ணெல்லாம் புகை. குழம்பு தளதளவென்று கொதி வந்ததும் உப்பு மரவையைத் திறந்தேன்.

முதுகுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"தள்ளு ஆத்தா" என்றார்.